ஞாயிறு எட்டு மணி முதல் பத்து மணி வரை

அவரை எங்கள் முதியோர் இல்லத்தில் சேர்க்க வந்த அன்று, என் கேள்விகளுக்கெல்லாம் மகன்தான் பதில் சொன்னார். பெரியவர் கைத்தடியை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, இரண்டு கைகளையும் அதன்மேல் வைத்துக்கொண்டு, என் தலைக்குப் பின்னால் சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுபத்தெட்டு வயது. புனே பக்கம் தேஹு ரோடு ராணுவ டிப்போவில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து இரண்டு வருடம். மகனுக்கு ஹடப்சரில் ஐ.டி. கம்பெனியில் வேலை, மருமகளும் வேலைக்குப் போகிறாள், பகலில் வீட்டில் யாரும் இல்லை, குளியலறையில் இரண்டு முறை விழுந்துவிட்டார். இதே கதையை ஆள் மாற்றி ஆள் மாற்றிப் பல வருடங்களாக எழுதிவருகிறேன். கை தானாக எழுதியது.

படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ‘ஆன்மிகத் தேவைகள்’ என்று ஒரு தலைப்பும் கீழே மூன்று கோடுகளும் இருக்கும். அந்தப் பக்கத்துக்கு வரும்போது எல்லாருக்கும் களைப்பாகியிருக்கும். அன்றும் அப்படித்தான்.

"அப்பா ரொம்ப பக்தி மேடம்," என்றார் மகன். "மத்லப்... டெய்லி பூஜா, முருகர் ஃபோட்டோ, எல்லாம் உண்டு. அம்மா போனப்புறம் கொஞ்சம் கம்மி."

இந்து, பக்தி உள்ளவர், மாலை ஆரத்தியில் கலந்துகொள்வார் என்று எழுதினேன். மூன்று கோடுகளில் இரண்டு நிரம்பின. பெரியவர் காலண்டரிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

நான் சமூகப் பணி படித்த காலத்தில், முதியவர்களின் ஆன்மிகத் தேவைகள் பற்றி ஒரே ஒரு வகுப்பு நடந்தது. அன்று நல்ல மழை. நான் போகவில்லை. பிறகு தோழியின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டேன். போயிருந்தாலும் பெரிதாக எதுவும் மாறியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். சாமி கும்பிடுவது, கும்பிடாமல் இருப்பது இரண்டிலும் எனக்கு அழுத்தமான பிடிப்பு கிடையாது. என் அப்பாவும் டிப்போக்காரர்தான். அவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒன்பது நாள் கிடந்து செத்தார். அந்த ஒன்பது நாளில் ஆக்சிஜன் அளவைக் கேட்டேன், சிறுநீர் அளவைக் கேட்டேன். அவர் மனசில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்கத் தோன்றவில்லை.

பெரியவர் ஆரத்திக்கு வரவில்லை. மாலை ஆறரைக்குக் கூடத்தில் மணி அடித்ததும் தன் அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். பணிப்பெண்கள் இரண்டு மூன்று நாள் கையைப் பிடித்து அழைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு வினோதம். காலையில் யாரும் சொல்லாமலே முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, நாற்காலியைத் தானே இழுத்துக்கொண்டுவந்து வாசல் கதவுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்துவிடுவார். எட்டு மணிக்கு உட்கார்ந்தால் பத்து மணிக்குத்தான் எழுந்திருப்பார். அந்த இரண்டு மணி நேரமும் தேநீர் கூடக் குடிக்கமாட்டார். பத்து மணி ஆனதும் நாற்காலியைத் திரும்ப இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

எனக்கு இதில் குழப்பமே வரவில்லை. மகனுக்காகக் காத்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். மகனுக்கு ஃபோன் போட்டுக் கொஞ்சம் கடுமையாகவே பேசினேன். பாவம், அவர் அடுத்த ஞாயிறு ஒன்பது மணிக்கே மனைவி குழந்தையோடு வந்து நின்றார். பெரியவர் அவர்களை நிமிர்ந்து பார்த்து, "இப்ப இன்னாத்துக்கு வந்த? பத்து மணிக்கு மேல வா," என்றார். மகன் என்னைப் பார்த்தார்.

அவர் என்னிடம் வாய் திறந்தது ஆஸ்பத்திரியில். கண்புரைப் பரிசோதனைக்காக அழைத்துப்போயிருந்தேன். டோக்கன் வாங்கி பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. "ஐயா, கொஞ்சம் தண்ணி குடிங்க," என்றேன்.

"ஐயான்னு கூப்பிடாத. டிப்போவுல ஆபீசருங்களத்தான் அப்டிக் கூப்பிடுவோம். ஒங்கப்பன் எந்த செக்ஷன்?"

சொன்னேன். எந்த ஊர் என்று கேட்டார். ஆம்பூர் பக்கம் என்றேன். அவருக்கு வாணியம்பாடி. "அப்ப பெரியப்பான்னு கூப்புடு," என்றார். அதுவரை அவர் குரலை நான் இவ்வளவு நீளத்துக்குக் கேட்டதில்லை.

அப்போதுதான் தாழ்வாரத்தின் மறுமுனையில் வெள்ளை அங்கி போட்ட பாதிரியார் ஒருவர் வந்தார். யாரோ நோயாளியைப் பார்க்க வந்திருக்க வேண்டும். பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். கைத்தடியை ஊன்றி வேகவேகமாக நாலைந்து அடி நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். பாதிரியார் லிஃப்டுக்குள் போனார், கதவு மூடிக்கொண்டது. பெரியவர் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பவும் பெஞ்சுக்கு அழைத்துவந்து உட்கார வைத்தேன்.

"அவரத் தெரியுமா பெரியப்பா?"

"தெரியாது. எந்தச் சாமியாரா இருந்தா இன்னா."

பிறகு சொன்னார். குரலை உயர்த்தாமல், டோக்கன் எண் ஒளிரும் பலகையைப் பார்த்தபடியே சொன்னார்.

அவர் மனைவி கோர்படி ரயில்வே காலனியில் வளர்ந்த பெண். கத்தோலிக்கக் குடும்பம். அவளுடைய அக்காள் புருஷன் டிப்போவில் வேலை பார்த்ததால் அந்த வீட்டுக்கு இவர் போக்குவரத்து வைத்திருந்தார். அங்கேதான் பார்த்தது, பேசியது. கல்யாணத்துக்கு இவருடைய அம்மா ஒரு நிபந்தனை போட்டார். பெண் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும், பொட்டு வைக்க வேண்டும், இனி மாதா கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. அவள் சரி என்றாள். அவள் வீட்டார் அன்றோடு தலைமுழுகிவிட்டார்கள். கடைசியில் மகனுக்கே அம்மா யார் பெற்ற பெண் என்று தெரியாது. அநாதை என்று சொல்லி வளர்த்துவிட்டார்கள்.

"கட்டிக்கினு மூணாம் வருஷம். மார்க்கெட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போய்க்கினு இருந்தா. அரிசி டப்பாவுல ஓலச் சிலுவ ஒண்ணு கெடந்தது. எங்கம்மாதான் எடுத்தாந்து காட்னாங்க. நான் அடுப்புல போட்டேன். அவளக் கன்னத்துல அடிச்சேன். ஒரு தபாதான் அடிச்சேன். காதுல ரத்தம் வந்துச்சு. அந்தக் காது அவளுக்கு அப்புறம் சரியாக் கேக்கல."

பலகையில் அடுத்த எண் ஒளிர்ந்தது. அவர் நிறுத்தவில்லை.

"அதுக்கப்புறம் ஞாயித்துக்கெழம நான் எங்கியும் போறதில்ல. எட்டு மணிக்கு வாசப்படியாண்ட சேர் போட்டு ஒக்காந்துக்குவேன். அவங்க பூச முடியறது பத்து மணிக்கு. அதுவரிக்கும் எந்திரிக்க மாட்டேன். பேப்பர் படிக்கிறா மாதிரி ஒக்காந்திருப்பேன். அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. உள்ள வேல செஞ்சிக்கினு இருப்பா. எங்கம்மா செத்தப்புறமும் ஒக்காந்தேன். இன்னாத்துக்குன்னு எனக்கே தெரில. பழகிப் போச்சி."

நாற்பத்தாறு வருடம் அந்த வீட்டில் குடும்பம் நடத்தினாள். ஈரல் கெட்டுப்போய் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரத்தில், சாயங்காலம் ஒரு நாள் இவர் கையைப் பிடித்து, "ஒரு சாமியாரக் கூப்புடுங்க," என்றிருக்கிறாள். இவர் காதில் விழாத மாதிரி இருந்தார். அடுத்த நாள் காலையில் மறுபடி கேட்டாள். "நாளைக்குப் பாக்கலாம்," என்றார். அன்று மாலையே உயிர் போய்விட்டது. எரித்தார்கள். காரியம் செய்தார்கள். எதிலும் குறை வைக்கவில்லை.

"எனக்கு மதம் மார்றதுல்லாம் வேணாம்," என்றார். "ஒரு சாமியாராண்ட ஒக்காந்து சொல்லணும். அவ கேட்டா, நான் குடுக்கலன்னு சொல்லணும். இப்பக் குடுத்தா அவளுக்குப் போய்ச் சேருமான்னு கேக்கணும். அவ்ளோதான். நீ யாரையாவது இட்டுக்கினு வர்றியா?"

அழைத்து வருகிறேன் என்றேன். அவளுடைய பழைய பெயரையும் அன்றுதான் சொன்னார். கல்யாணத்துக்குப் பிறகு அதை வாய்விட்டுச் சொல்வது அதுதான் முதல் தடவை என்றார். அவர் எண் பலகையில் வந்துவிட்டது. எழுந்து உள்ளே போனோம்.

மறுநாள் காலையே மேலாளரிடம் பேசினேன். ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். மழைக்காலத்தில் முதியவர்கள் துணி காயவில்லை என்றால் தன் வீட்டுக்கு எடுத்துப்போய் உலர்த்திக்கொண்டு வருவார். பாதிரியார் என்ற சொல்லைக் கேட்டதும் பேனாவை மூடி வைத்தார்.

"மேடம், யே சப் யஹான் நஹீ சலேகா," என்றார். இதெல்லாம் இங்கே நடக்காது. ஒரு இந்துப் பெரியவர் அறையில் பாதிரியார் உட்கார்ந்திருந்தார் என்று யாராவது படம் எடுத்துப் போட்டால் மதமாற்றம் என்பார்கள், போலீஸ் வரும், டிரஸ்ட்காரர்களுக்கு யார் பதில் சொல்வது? வேண்டுமென்றால் மகனிடம் எழுத்து மூலம் சம்மதம் வாங்கிக்கொண்டு வா, மேலே அனுப்புகிறேன் என்றார்.

இதற்குப் பிறகு நான் செய்ததுதான் இதையெல்லாம் எழுத வைக்கிறது. பெரியவரை ஒரு ஆட்டோவில் ஏற்றி ஏதாவது ஒரு தேவாலயத்துக்கு அழைத்துப் போயிருக்கலாம். கண் டாக்டர் என்று பதிவேட்டில் எழுதியிருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். குறைந்தபட்சம் அவரிடமே திரும்பிப் போய், உங்கள் மகனிடம் சொல்ல வேண்டியிருக்கிறது, சொல்லட்டுமா என்று கேட்டிருக்கலாம். ஒருவர் நம்பிச் சொன்னதை அவர் அனுமதியில்லாமல் இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்பது எங்கள் படிப்பில் முதல் வாரத்திலேயே சொல்லித்தருவது. அந்த வகுப்புக்கு நான் போயிருந்தேன். இருந்தும், அவர் நல்லதுக்குத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மகனுக்கு ஃபோன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அடித்ததை மட்டும் சொல்லவில்லை. அதுவே பெரிய நாகரிகம் என்று நினைத்தேன்.

"அம்மா கிறிஸ்டியனா?" என்றார் மகன். "மேடம், அப்பாவுக்கு திமாக், மூளை சரியில்ல. டாக்டர் பாக்கணும்."

அன்று மாலை ஆரத்தி முடியும் நேரத்துக்கு அலுவலகத்திலிருந்து நேராக வந்தார். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. பெரியவரின் அறையிலிருந்து குரல் கூடம்வரை கேட்டது. "ஏம்ப்பா அம்மாவப் பத்தி இப்டி சொல்றீங்க? நான் பூரா லைஃப் நம்பினேன் அநாதன்னு. மாமா இல்ல, பாட்டி இல்ல, யாரும் இல்ல. எது ஜூட்டு, எது நிஜம், எனக்குச் சொல்லுங்க!" பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மற்ற முதியவர்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

மகன் போன பிறகு நான் உள்ளே போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"பெரியப்பா."

"ஒன்ன நம்பித்தானே சொன்னேன்," என்றார்.

அவர் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை அது. அதற்குப் பிறகு எத்தனையோ நாள் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். மகன் அழைத்துவந்த டாக்டர், குழப்பம் இருக்கிறது, தூக்கம் தேவை என்று மாத்திரை எழுதிக்கொடுத்தார். பகலெல்லாம் தூங்கினார். ஞாயிற்றுக்கிழமை நாற்காலி அவர் அறையிலேயே கிடந்தது. இப்போது அமைதியாகிவிட்டார் என்று பணிப்பெண்கள் சந்தோஷப்பட்டார்கள். மாதாந்திர அறிக்கையில் ‘நடத்தையில் முன்னேற்றம்’ என்று ஒரு வரி போனது. அதை எழுதியது நான் இல்லை. ஆனால் கீழே கையெழுத்துப் போட்டது நான்.

ஆறாவது வாரம் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. பத்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு, இனி செய்வதற்கு எதுவும் இல்லை என்று மூக்கில் குழாயோடு இல்லத்துக்கே திருப்பி அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகுதான் நான் கோர்படிக்குப் போனேன். பேச வாய் இருந்தபோது போகாத கால்கள், வாய் போனபிறகு போயின. தமிழில் பூசை நடக்கும் தேவாலயம் ஒன்று அங்கே இருந்தது. பாதிரியாருக்கு ஐம்பது வயது இருக்கும், திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு ஒன்று கேட்டார்.

"நான் வாரதுக்கு அவுக சம்மதிச்சாகளா?"

"அவருதான் ஃபாதர் முதல்ல கேட்டாரு. இப்ப பேச முடியல. அதுக்கு முன்னாடியே என்கூடப் பேசறத நிறுத்திட்டாரு."

"அப்பம் சம்மதம் இருக்கான்னு ஒங்களுக்கும் தெரியாது."

"தெரியாது."

"வாரேன். பக்கத்துல உக்காருதேன். அவுகள எதுவும் ஆக்க மாட்டேன். முகத்தத் திருப்பினாகன்னா எந்திரிச்சு வந்துருவேன்."

மேலாளர் டிரஸ்ட் கூட்டத்துக்குப் போகும் நாளாகப் பார்த்து வரச் சொன்னேன். மதியம் மூன்று மணிக்குச் சாதாரணச் சட்டையும் பேண்ட்டுமாக வந்தார். வருகைப் பதிவேட்டில் தன் பெயரை எழுதினார். உறவுமுறை என்ற கட்டத்தைக் காலியாக விட்டார். அந்த அறையில் அவர், நான், கட்டிலில் பெரியவர், மூன்று பேர்தான். மின்விசிறி சத்தம் போட்டுக்கொண்டு சுற்றியது. பாதிரியார் நாற்காலியைக் கட்டிலின் இடது பக்கம், உணர்வு இருந்த பக்கம், நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார்.

"ஐயா, ஒங்க வீட்டம்மா ஒரு சாமியாரக் கேட்டாகளாம். நான் சாமியார்தான். வர நேரமாயிட்டு. மன்னிச்சுக்கிடுங்க."

பெரியவரின் கண் அவர்மேல் இருந்தது. திரும்பவில்லை.

"அவுகளுக்காக வேண்டிக்கிடட்டுமா?"

பதில் வர வழியில்லை. பாதிரியார் காத்திருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அவுக ஞானஸ்நானப் பேரு என்ன?" என்றார்.

அந்தப் பெயரை நான் சொன்னேன். சத்தமாக, அவருக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

பெரியவரின் இடது கை போர்வையைப் பிடித்து இழுத்தது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்றும் சொல்லலாம், கோபம் என்றும் சொல்லலாம். மறுபடியும் அவர் கொடுத்த ரகசியத்தை வேறொருவர் முன்னால் போட்டு உடைத்தவள் நான். அதற்காகக் கத்தினாரா, இல்லை அந்தப் பெயரை ஒரு சாமியாரின் காதில் போட்டதற்காக அழுதாரா? பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. பாதிரியார் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. பக்கத்தில் தன் கையை வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், அந்தப் பெண்ணுக்காக வேண்டினார். ஐந்து நிமிடம் இருக்கும். பெரியவரின் கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் போனது. பக்கவாதம் வந்தவர்களுக்குச் சும்மாவே கண்ணில் நீர் வழியும். அதையும் சொல்ல வேண்டும்.

பாதிரியார் வந்துபோன ஒன்பதாம் நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் இறந்தார். மகன் எல்லாச் சடங்கும் முறையாகச் செய்தார். மேலாளர் வருகைப் பதிவேட்டைப் பார்த்துவிட்டிருந்தார். என்னைக் கூப்பிட்டு விசாரித்தார், நான் மறைக்கவில்லை. மூன்று மாதத்துக்குப் புதிதாக வருபவர்களிடம் நேர்காணல் எடுக்கக் கூடாது என்று கடிதம் கொடுத்தார்கள். அது அநியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. தண்டனை வேறொன்றுக்கு வந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு மாதம் கழித்துப் பாதிரியார் ஃபோன் செய்தார். அவருடைய பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவருக்குத் தங்கை ஒருத்தி டிப்போக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு போய்விட்டாளாம், விசாரித்துப் பார்த்ததில் அது பெரியவரின் மனைவிதான் என்றார். நான் உடனே எதுவும் செய்யவில்லை. இரண்டு நாள் கழித்து மகனுக்கு ஃபோன் போட்டு, "உங்க அம்மா வீட்டுப் பக்கத்து விஷயம் ஒண்ணு எனக்குத் தெரிய வந்திருக்கு. தெரிஞ்சுக்க வேணாம்னா சொல்லிடுங்க, நான் சொல்லலை," என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார். "அக்கா, நீங்களும் வாங்க. எனக்கு அவ்ளோ தமிழ் வராது." அதுவரை என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு சனிக்கிழமை காலை அவருடைய ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போனேன். ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு சந்துக்குள் மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. மூதாட்டிக்கு எண்பது தாண்டியிருக்கும். பாதிரியார் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார், ஆனால் தங்கை இறந்ததைச் சொல்லவில்லை. அது உங்கள் குடும்பம் சொல்ல வேண்டியது என்று விட்டுவிட்டார். மகன் தட்டுத்தடுமாறிச் சொன்னார். "அம்மா... போயிட்டாங்க. ரெண்டு வருஷம், இல்ல, மூணாகப் போகுது."

மூதாட்டி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "எரிச்சிட்டீங்களா?"

"ஆமா."

"சாமியார் வந்தாரா?"

மகன் என்னைப் பார்த்தார். அவருக்கு அந்தக் கேள்வி புரிந்தது.

"வரலைம்மா," என்றேன். "ஆனா அவங்க கேட்டாங்க. ரெண்டு தடவ கேட்டாங்க. யாரும் கூப்பிடல."

"கேட்டாளா?"

"கேட்டாங்க."

மூதாட்டி தலையிலிருந்த முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார். "எல்லாத்தையும் தொடச்சுப் போட்டுட்டுப் போனவன்னு நெனச்சேனே," என்றார் முக்காட்டுக்குள்ளிருந்து. "ஒரு நாள் கூட அவ பேரச் சொல்லி ஜெபிக்கலியே. எங்கம்மா சாவற அன்னிக்குக்கூட அவ பேர எடுக்க விடலியே நானு." வெகுநேரம் அழுதார். நாங்கள் இருவரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். மகன் ஒருமுறை எழுந்து அவர் தோளைத் தொடப் போனார். அவர் ஒதுங்கிக்கொண்டார்.

கிளம்பும்போது மகன் வெளியே போய்ச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். மூதாட்டி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, காதோரம் சொன்னார்: "இவன இனிமே இட்டுக்கினு வராதம்மா. அப்டியே இவங்கப்பன் மூஞ்சி. என்னால பாக்க முடியாது."

ரயில்வே கேட் மூடியிருந்தது. ஸ்கூட்டரை நிறுத்திக் காத்திருந்தோம். "கடைசியா என்ன சொன்னாங்க அக்கா?" என்று கேட்டார்.

"உடம்பு முடியலையாம். இன்னொரு நாள் பார்க்கலாம்னு சொன்னாங்க."

சரி என்று தலையாட்டினார். அடுத்த வாரமே போனாராம். கதவு திறக்கவில்லை, வீட்டில் ஆள் இல்லை போலிருக்கிறது என்று எனக்குச் செய்தி அனுப்பினார். அதற்கு அடுத்த வாரம் மகளையும் கூட்டிக்கொண்டு, பழம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அன்றும் திறக்கவில்லை. எந்த நேரத்தில் போனால் இருப்பார்கள், கேட்டுச் சொல்லுங்கள் அக்கா என்று கேட்டிருக்கிறார். நான் இன்னும் பதில் அனுப்பவில்லை.